கூட்டு வியாபாரத்தை முடிக்க: பேச்சா, நடுவரா, கோர்ட்டா?

கூட்டாளிகள் பிரிவதென்று ஆகிவிட்டால் வழிகள் மூன்று: பேசிக் கலைப்புப் பத்திரம் எழுதுவது, நடுவரிடம் (ஆர்பிட்ரேட்டர்) போவது, சிவில் வழக்கு போடுவது. எந்த வழியில் போனாலும், கூட்டாண்மைப் பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, கணக்குப் பார்க்கும் முறை ஒன்றுதான்: 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு.

ஒரு ஜவுளிக்கடையின் சொத்தெல்லாம் விற்று 40 லட்சம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வங்கிக்கும் சரக்குக் கொடுத்தவர்களுக்கும் 22 லட்சம். அடுத்து, ஒருவர் கடைக்குக் கடனாகப் போட்ட 4 லட்சம். பிறகு இருவரும் போட்ட முதல் (மூலதனம்), 6 லட்சமும் 4 லட்சமும். மிச்சம் 4 லட்சத்தை லாபப் பங்குப்படி பிரிக்க வேண்டும். சண்டை பெரும்பாலும் இரண்டாவது வரியில்தான் வெடிக்கும். ஒருவர் கடைக்குப் போட்ட அந்த 4 லட்சம் கடனா, முதலா? பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதினார்கள்?

இதில் இருவரும் ஒத்துப்போனால் கலைப்புப் பத்திரமே போதும், செலவும் குறைவு. ஆனால் கூட்டு கலைந்துவிட்டது என்று பொது அறிவிப்பு கொடுக்காமல் விட்டால், 45ஆம் பிரிவின்படி, பிரிந்த பிறகு மற்றவர் கடையின் பெயரில் வாங்கும் கடனும் உங்கள் தலையில் விழும்.

ஒத்துப்போகாவிட்டால்? கூட்டாண்மைப் பத்திரத்தில், தகராறு வந்தால் நடுவரிடம் போக வேண்டும் என்ற பிரிவு இருந்தால் தேர்வு உங்கள் கையில் இல்லை. வழக்கு போட்டாலும் எதிராளி கேட்டால் கோர்ட் அங்கேதான் அனுப்பும். இரு தரப்பும் கோரிக்கையையும் பதிலையும் எழுத்தில் கொடுத்து முடித்து 12 மாதத்தில் நடுவரின் தீர்ப்பு வர வேண்டும். இருவரும் சம்மதித்தால் 6 மாதம் நீட்டலாம். கட்டணம் கையைக் கடிக்கும். நடுவர் கணக்கைத் தப்பாகப் பார்த்தார் என்பதற்காக மட்டும் தீர்ப்பை உடைப்பது கடினம்.

வழக்கில் கோர்ட் முதலில் முதல்நிலைத் தீர்ப்பாணை (யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்வது) தரும், அப்புறம் கணக்குப் பார்க்கக் கமிஷனரை நியமிக்கும், அவர் அறிக்கைக்கு ஆட்சேபணை கேட்டுத்தான் இறுதித் தீர்ப்பாணை. நடுவில் மேல்முறையீடும் வரும். கடை பதிவாகவில்லையே என்று பயப்பட வேண்டாம். கலைக்கவும் கணக்குக் கேட்கவும் வழக்கு போட கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு தடையில்லை.

என் கணிப்பில், கணக்குப் புத்தகம் இருவரிடமும் இருந்தால் பேச்சுதான் லாபம். எதிராளியிடம் மட்டும் இருந்து அவர் காட்ட மறுத்தால், சமாதானம் பேசியே நாளைக் கடத்த வேண்டாம். கலைந்த தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் கணக்கு கேட்டு வழக்கு போட வேண்டும். வீட்டுப் பஞ்சாயத்தில் போன மாதங்களை யாரும் கழித்துத் தர மாட்டார்கள்.