இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ்: லாரிக் கம்பெனியின் வண்டியை வருடக்கணக்கில் ஓட்டும்போது

இந்தப் பிக்கப்பை வாங்கிய முதல் மாதத்திலேயே "பின்னாடி தூக்கித் தூக்கிப் போடுது" என்று பலரும் சொல்வார்கள். அது கோளாறு இல்லை. பின்னால் இருப்பது இலைப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), சுமை ஏற்றவென்றே கட்டியது. பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி காலியாக இருந்தால் அது மடங்கிக் கொடுக்காது. எண்பது, நூறு கிலோ மணல் மூட்டையைப் பின் அச்சுக்கு நேர்மேலே, நகராதபடி கட்டி வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். மழையில் காலித் தொட்டியோடு வளைவில் திரும்பும்போது பின்பக்கம் வழுக்குவதும் இதனால் குறையும்.

லாரிக் கம்பெனி என்றாலும் இசுஸு கார் செய்யாத நிறுவனம் அல்ல. 1953 முதல் ஹில்மன் மிங்ஸ் என்ற பிரிட்டிஷ் காரை உரிமம் பெற்றுக் கட்டியது. பெல்லட்டும், இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியூஜாரோ வரைந்த 117 கூப்பேயும் அதன் கார்கள்தான். நம் ஊர் கான்டெஸா காரின் 1.8 பெட்ரோல் எஞ்சினும் இசுஸு வடிவமைத்ததே. ஆனால் 1936லேயே காற்றால் குளிரும் டீசல் எஞ்சினை உருவாக்கி, 1959ல் எல்ஃப் லாரியைக் கொண்டுவந்த கம்பெனிக்கு வேர் டீசலில்தான். 1993ல் சொந்தமாகக் கார் உருவாக்குவதை நிறுத்திவிட்டது. 2016ல் ஆந்திராவின் ஸ்ரீசிட்டி ஆலையிலிருந்து இங்கே வந்த வி-கிராஸில் அந்த லாரிப் புத்தி அப்படியே இருக்கிறது.

பழைய 2.5 எஞ்சின் 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர். இழுவை முழுவதும் நிமிடத்துக்கு 1800 முதல் 2800 சுற்றுக்குள் கிடைத்துவிடும். அதற்கு மேல் விரட்டினால் சத்தம்தான் மிச்சம். 1500க்குக் கீழே டாப் கியரில் திணறவிட்டால் எஞ்சின்தான் அடிவாங்கும்.

ஃபோர் வீல் டிரைவில்தான் பலர் தவறுகிறார்கள். முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரென்ஷியல் இதில் கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் 4ஹெச் (நான்கு சக்கர இழுவை, சாதாரண வேகம்) போட்டுத் திருப்பினால் முன், பின் சக்கரங்களின் வேக வித்தியாசம் போக வழியில்லாமல் ஷாஃப்ட்டும் பல்சக்கரங்களும் முறுக்கேறும், ஸ்டியரிங் இறுகும். சேறு, மணல், ஈரப்புல் என்றால் மட்டும் போடுங்கள். 4எல் (மெதுவான, அதிக இழுவை) வேண்டுமானால் வண்டியை முழுதாக நிறுத்தி, கிளட்ச் மிதித்து மாற்றுங்கள். தேவையே இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை மண்பாதையில் சில கிலோமீட்டர் 4ஹெச்சில் ஓட்டினால் முன் அச்சில் ஆயில் பரவும்.

தண்ணீரில் இறக்கிய பிறகு ஷாஃப்ட்டின் மூட்டுகளான யூனிவர்சல் ஜாயின்ட்டுகளுக்குக் கிரீஸ் அடிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். கியர் மாற்றும்போது அடியில் "டக்" என்று கேட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். பட்டையை இறுக்கும் யூ-போல்ட்டுகளைச் சர்வீஸுக்குச் சர்வீஸ் முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

டீசல் ஃபில்டரின் நீர் விளக்கு எரிந்தால் அடித்திருகைத் தளர்த்தி, தெளிந்த டீசல் வரும்வரை வடிக்க வேண்டும். அப்படியே ஓட்டினால் இன்ஜெக்டர் போய்விடும், அந்தச் செலவு சின்னது இல்லை.

பிஎஸ்6 1.9 வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கடைவீதிக்கும் வீட்டுக்குமாக மட்டும் ஓட்டினால் புகைவடிகட்டியில் கரி அடையும். அது சூடேறிக் கரியை எரிக்கத் தொடங்கும்போது பாதியில் அணைக்காதீர்கள். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் விடுங்கள். ஆயிலும் சாம்பல் குறைந்த வகையாக, கையேட்டில் சொன்ன தரத்தில் இருக்கட்டும். விலை மலிந்த ஆயில் விட்ட காசு அந்த வடிகட்டியிலேயே போய்விடும்.