உவர் வயலுக்கு எந்த நெல்?

திருகோணமலையின் தம்பலகாமக் குடாவையும் கொட்டியாரக் குடாவையும் ஒட்டிய வயல்களில் சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்தால் உவர் ஏறிவிடும். வரம்பில் வெள்ளை பூக்கும், பயிரின் இலை நுனி கருகும், கதிர் தள்ளினாலும் பாதி சப்பி, மணி பிடிக்காத பதர். அப்படிப்பட்ட காணிக்கு மேம்படுத்திய நெல் இனமான அட் 354, இல்லை பச்சைப்பெருமாள் போன்ற பாரம்பரிய இனங்கள், இல்லை கடையில் வாங்கும் கலப்பின விதை, இவற்றில் எது?

கலப்பினத்தை முதலிலேயே ஒதுக்குகிறேன். விளைச்சல் கூடலாம், சரி. ஆனால் அறுத்த நெல்லை அடுத்த போகத்துக்கு விதைத்தால் குணம் பிரிந்துபோகும்; போகத்துக்குப் போகம் விதைக்குக் காசு வேண்டும். கடன்பட்டுச் செய்கை பண்ணுகிறவருக்கு அது கட்டாது.

அட் 354 தென்னிலங்கையின் அம்பலாந்தோட்டையில் உருவாகி 1992இல் வெளியான மூன்றரை மாத நெல். அதன் பெற்றோரில் ஒன்று கேரளக் கரையோரத்துப் பொக்காளி நெல். உப்புத் தண்ணீரில் நின்றாலும் பொக்காளி சோடியத்தை இலைக்கு அதிகம் ஏறவிடாது, பொட்டாசியத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தக் குணத்தை மகரந்தக் கலப்பால் மட்டுமே கொண்டுவந்திருக்கிறார்கள். மரபணு மாற்றப் பயிர் என்று பயப்படத் தேவையில்லை. கலப்பின விதை போலல்லாமல் குணம் நிலைத்த இனம் என்பதால் விதைநெல்லையும் வீட்டிலேயே எடுத்து வைக்கலாம். உவர் ஓரத்துக்கு என் தெரிவு இதுதான்.

பச்சைப்பெருமாள் உயர வளரும், யூரியா கூடினால் சாய்ந்துவிடும், விளைச்சலும் குறைவு. ஆனாலும் அதைக் கைவிடக் கூடாது. 2021இல் அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது, உரத்தை நம்பிய இனங்களோடு நாங்கள் எவ்வளவு கட்டுண்டிருக்கிறோம் என்று எல்லோருக்கும் விளங்கியது. குறைந்த உரத்தில் விளையும் இதன் சிவப்பரிசிக்குத் தனி விலையும் உண்டு.

எனக்கு ஆதங்கம் வேறு இடத்தில். நெல்லின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சியைத் தாங்கும் பிபிஎச்3 மரபணு நம் நாட்டுப் பாரம்பரிய நெல்லான ரத்து ஹீனட்டியில் கண்டறியப்பட்டது. பயிர் விருத்தியாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். தலைமுறையாக அந்த நெல்லைக் காத்த உழவருக்கு என்ன வந்தது? மரபு வளத்தின் பயனைப் பகிர வேண்டும் என்று 2010இன் நகோயா நெறிமுறை என்ற பன்னாட்டு உடன்பாடு சொல்கிறது. பொக்காளி உழவர்களிடம் புவிசார் குறியீடாவது, அதாவது அந்தப் பெயர் அந்த ஊர் நெல்லுக்கே என்ற சட்டப் பாதுகாப்பாவது இருக்கிறது, அரிசியை அந்தப் பெயரிலேயே விற்கிறார்கள். பச்சைப்பெருமாளை இங்கே விளைவிக்கிறவர்களும் சங்கமாகச் சேர்ந்து, ஊர்ப்பெயர் போட்டுப் பொதி செய்தால்தான் தனி விலை ஆலைக்காரரிடம் நிற்காமல் உழவர் கைக்கு வரும்.

ஆகவே பள்ளத்தில் அட் 354 போடுங்கள், உவர் ஏறாத மேட்டில் அரை ஏக்கராவது பச்சைப்பெருமாள் போடுங்கள். இரண்டையும் ஒரே வெட்டு மெசினால் அறுப்பதானால் இடையில் மெசினைத் துப்புரவாக்கச் சொல்லுங்கள். விதைநெல் கலந்துபோனால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.