ஆவாரைக் குடிநீர்ச் சூரணம்: மூன்று மாத அனுபவம்

ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை ஆகியவற்றைக் கொரகொரப்பாக இடித்துச் சேர்த்த சர்க்கரை நோய்க்கான இந்தச் சித்த மருந்தை ஒரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, என் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்தாமல் மூன்று மாதம் குடித்தேன். தண்ணீரில் இட்டு நான்கில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்ட வேண்டும். துவர்ப்பும் கசப்பும் நாக்கை விட்டுப் போக அரை மணி நேரமாகும்.

வெறும் வயிற்றுச் சர்க்கரையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு மட்டும் 212இலிருந்து 180க்கு அருகில் இறங்கியது. கடலழிஞ்சிலில் உள்ள சலாசினால் என்னும் வேதிப்பொருள், மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் குடல் நொதியைத் தடுப்பதால், அகார்போஸ் மாத்திரையைப் போலவே உணவுக்குப் பிந்தைய ஏற்றத்தைத்தான் அது முக்கியமாகக் குறைக்கும். முதல் இரு வாரங்கள் இருந்த வயிற்று உப்புசத்துக்கும் அதுவே காரணமாகலாம். ஆனால் அதே மாதங்களில் மாலை நடையையும் தொடங்கியிருந்தேன் என்பதால், இறங்கிய அளவு முழுவதையும் கஷாயத்தின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

குறை பொட்டலத்தில்தான். சரக்குகளின் பெயர் இருக்கிறது, விகிதம் இல்லை. இரண்டாவது பொட்டலம் நிறத்திலும் சுவையிலும் முதலாவதை ஒத்திருக்கவே இல்லை. கிளிமெபிரைடு என்னும் சர்க்கரை நோய் மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும் என்ற எச்சரிக்கையையும் காணோம். தொகுதி எண்ணும் தயாரிப்புத் தேதியும் அச்சிட்ட பொட்டலம் கிடைத்தால் மட்டுமே மறுபடி வாங்குவேன்.