ஸ்பின்னர் பொருத்தி 412 மணி நேரம் பறந்த பிறகு

புரொப்பெல்லரின் நடுவில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறதே, அந்தக் கூம்புதான் ஸ்பின்னர். என் ஆர்வி-9ஏ விமானத்தில் 2019 வசந்தத்தில் நானே பொருத்தினேன். இன்றுவரை 412 மணி நேரம் பறந்தாயிற்று. நிமிடத்துக்கு 2,400 சுற்று என்று வைத்துக்கொண்டால் அந்தக் கூம்பு சுமார் 6 கோடித் தடவை சுற்றியிருக்கிறது. இதற்குள் எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது.

ஆர்வி-9ஏ இரண்டு பேர் உட்காரும் விமானம். பாகங்களாக வாங்கி நாமே கட்டிக்கொள்ளலாம். என்னுடையதில் இருப்பது 160 குதிரைத்திறன் லைகோமிங் ஓ-320 என்ஜின், பிளேடின் கோணம் மாறாத உலோகப் புரொப்பெல்லர். நான் இருப்பது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில். இங்கே சொந்தமாகக் கட்டியவர் அதற்கான சான்றிதழ் வாங்கிக்கொண்டால், 12 மாதத்துக்கு ஒரு முறை செய்யவேண்டிய பரிசோதனையைத் தானே செய்யலாம். அதனால் இந்தக் கூம்பை எத்தனை தடவை கழற்றி மாட்டினேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

என்னுடையது 13 அங்குல விட்டமுள்ள ஃபைபர்கிளாஸ் கூம்பு. உள்ளே இரண்டு அலுமினியத் தட்டுகள். பின்தட்டு புரொப்பெல்லருக்கும், அதை என்ஜினிலிருந்து தள்ளி நிறுத்தும் ஸ்பேசருக்கும் நடுவில் இறுகி நிற்கும். முன்தட்டு புரொப்பெல்லருக்கு முன்னால் போல்ட் தலைகளுக்கு அடியில் வரும். கூம்பின் விளிம்பைச் சுற்றிலும் ஸ்க்ரூ போட்டு இந்தத் தட்டுகளோடு பிடிக்கவேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். எனக்கு நான்கு வார இறுதிகள் பிடித்தன.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றைச் செய்துவிடுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வையுங்கள். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவை அணைக்கும் ஒயர் எங்காவது அறுந்திருந்தால், சாவியை அணைத்தாலும் அது உயிரோடுதான் இருக்கும். கையால் புரொப்பெல்லரைச் சுற்றும்போது என்ஜின் பற்றிக்கொள்ளலாம். பிளக் இல்லையென்றால் அந்தப் பயம் இல்லை, சுற்றுவதும் லேசாக இருக்கும். இந்த வேலையில் நூறு தடவையாவது சுற்றவேண்டியிருக்கும்.

அந்த நூறு தடவையும் மையம் பார்ப்பதற்குத்தான். கூம்பைத் தட்டுகள்மேல் செருகி, டேப் போட்டு நிறுத்தி, ஒரு ஸ்டாண்டில் பென்சிலைக் கட்டி அதன் முனையைக் கூம்பின் நுனிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். புரொப்பெல்லரைச் சுற்றினால் நுனி பென்சிலை விட்டு விலகும், திரும்ப நெருங்கும். டேப்பைப் பிரித்து, கூம்பை மயிரிழை நகர்த்தி, மறுபடி சுற்று. ஆட்டம் ஒரு மில்லிமீட்டருக்குள் வரும்வரை டிரில்லைத் தொடவில்லை. ஒரு முழு சனிக்கிழமை போயிற்று. அதில் ஒரு நிமிடம்கூட வீணில்லை என்று இப்போதும் சொல்வேன். நிமிடத்துக்கு 2,700 சுற்றில் அந்த விளிம்பில் இருக்கும் ஒரு கிராம் எடை 1.3 கிலோவாக வெளியே இழுக்கும். மையம் தப்பினால் அதற்கு யார் பொறுப்பு? ஸ்க்ரூக்களும் பேரிங்கும்தான்.

துளைபோட ஒரு எளிய வழி: பெயின்ட் அடிக்காத ஃபைபர்கிளாஸ் வெளிச்சத்தை உள்ளே விடும். கூம்புக்குள் ஒரு சின்ன விளக்கை வைத்தால் தட்டின் விளிம்பு நிழலாகத் தெரியும். அதைப் பார்த்தே குறித்தேன். முதலில் சின்னத் துளை, ஒன்றுக்கு எதிர்ப்பக்கம் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் உடனுக்குடன் கிளீகோ, அதாவது துளையில் செருகித் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் ஸ்பிரிங் பிடிப்பான். ஒரே பக்கமாக வரிசையாகப் போட்டுக்கொண்டு போனால் கூம்பு மெல்ல மறுபக்கம் நகர்ந்துவிடும். எல்லாம் முடிந்ததும் உள்பக்கம் ஒரு குறி போட்டுவிடுங்கள். எந்த வாக்கில் துளைபோட்டோமோ அதே வாக்கில்தான் கூம்பு திரும்ப உட்காரும்.

பிளேடு வெளியே வரும் இடத்தை முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு கூம்பில் சிறிதாக வெட்டி, அரைத்து அரைத்துப் பெரிதாக்கினேன். பிளேடைச் சுற்றி 4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். முகமூடி இல்லாமல் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்; அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை.

இனி பறந்த பிறகு நடந்தவை.

முதல் 25 மணி நேரத்திலேயே ஸ்க்ரூக்களைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகள் வந்தன. அழுக்கு என்று துடைத்தேன். இரண்டு தடவை பறந்ததும் அதே இடத்தில் திரும்ப வந்தது. பக்கத்து ஹேங்கரில் இருக்கும் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது அழுக்கில்லை, அலுமினியம். உள்ளே ஏதோ உரசுகிறது” என்றார். கழற்றிப் பார்த்தோம். முன்தட்டுக்கும் கூம்புக்கும் நடுவில் காகிதம் நுழையும் அளவு இடைவெளி. நான்கு சிலிண்டர் என்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை உதைக்கிறது. 2,400 சுற்றில் நொடிக்கு 80 உதை. ஒவ்வொன்றுக்கும் கூம்பின் முன்பாதி கொஞ்சம் ஆடியிருக்கிறது.

அன்றைக்குத்தான் எனக்கு ஸ்பின்னர் புரிந்தது. ஸ்க்ரூ வெறுமனே பிடித்துக்கொள்கிறது. கூம்பை ஆடாமல் வைப்பது முன்தட்டு இறுக்கமாக உட்காரும் அந்த வளையம்தான். அதைச் சரிசெய்ய, முன்தட்டின் விளிம்பில் பேக்கிங் டேப் ஒட்டி, மெழுகு தடவினேன். கூம்பின் உள்பக்கத்தைச் சுரண்டி, பஞ்சு நார் கலந்த எபாக்ஸியை வளையமாகப் பூசி, கூம்பைப் பின்னோக்கி அழுத்தி, ஸ்க்ரூ போட்டு இரவு முழுக்க விட்டேன். காலையில் கழற்றும்போது ‘டப்’ என்று சத்தத்தோடு வந்தது. அச்சு எடுத்த மாதிரி உட்காருமிடம். அதன் பிறகு இன்றுவரை சாம்பல் கோடு வரவில்லை.

இந்த வேலை முடிந்த பிறகுதான் டைனமிக் பேலன்ஸ் பார்த்தோம். என்ஜின்மேல் சென்சார் வைத்து அதிர்வை அளந்து, பின்தட்டில் சின்னச் சின்ன எடை சேர்ப்பார்கள். நொடிக்கு 0.31 அங்குலமாக இருந்தது 0.05-க்கு வந்தது. மானிப் பலகையின் முள்கள் நடுங்குவது நின்றது. கூம்பு ஆடும்போதே பேலன்ஸ் செய்திருந்தால் அந்தப் பணம் வீண்.

180 மணி நேரத்தில் விரிசல். பிளேடு வெட்டின் பின்மூலையில் ஒரு அங்குல நீளம். மற்ற மூலைகளை வட்டமாக அரைத்தவன், அந்த ஒன்றைக் கூராக விட்டிருந்தேன். விரிசலின் முனையில் சின்னத் துளை போட்டு, உள்பக்கம் சரிவாக அரைத்து, இரண்டு அடுக்குக் கண்ணாடித் துணியை எபாக்ஸியில் ஒட்டினேன். எடை சமமாக இருக்க எதிர்மூலையிலும் அதே அளவு ஒட்டினேன். அப்புறம் மறுபடி பேலன்ஸ்.

இடைவெளி பற்றியும் சொல்லவேண்டும். என்ஜினை மூடும் உறையான கவுலிங்குக்கும் ஸ்பின்னருக்கும் நடுவில் 6 மில்லிமீட்டர் விட்டேன். பார்க்க அகலமாகத் தெரியும். ஆனால் என்ஜினை நிறுத்தும்போது அது குலுங்குவதைப் பார்த்தவர்கள் இதைக் குறைக்கமாட்டார்கள். என்ஜினைத் தாங்கும் ரப்பர்கள் போகப்போக அமுங்கும் என்பதால் ஸ்பின்னரைக் கவுலிங்கைவிட 3 மில்லிமீட்டர் உயரமாக வைத்தேன். ஒரு வருஷம் அது கண்ணை உறுத்தியது. 300 மணி நேரத்தில் இரண்டும் ஒரே கோட்டில் வந்து நின்றன.

குளிர்காலத்தில் ஒரு நாள் இரவு விமானம் வெளியே நின்றது. மழையும் பனியும் சேர்ந்து பெய்தது. மறுநாள் என்ஜினை ஓட்டிப் பார்க்கும்போதே கடுமையான அதிர்வு. உடனே நிறுத்தினேன். பிளேடு இடைவெளி வழியாகத் தண்ணீர் உள்ளே போய், கூம்பின் அடியில் உறைந்து கிடந்தது. ஹேங்கருக்குள் தள்ளி, கரைந்து வடியும்வரை காத்திருந்தேன். அன்றிலிருந்து உறையும் குளிர் என்றால் டார்ச் அடித்து உள்ளே பார்க்காமல் கிளம்புவதில்லை.

ஒவ்வொரு தடவை பறக்குமுன்னும் கூம்பின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து லேசாக ஆட்டிப் பார்ப்பேன். விரலால் ஸ்க்ரூ வரிசையைத் தடவுவேன். விமானத்தை நகர்த்த உதவிக்கு வருகிறவர்கள் முதலில் கை வைப்பது ஸ்பின்னரில்தான். அழகாக, கைக்கு அடக்கமாக இருக்கிறது. தயவுசெய்து அதைப் பிடித்துத் தள்ளாதீர்கள், இழுக்காதீர்கள். மூக்குச் சக்கரத்தில் இழுகம்பி மாட்டி நகர்த்துங்கள்.

மே மாதம் அடுத்த ஆண்டுப் பரிசோதனை. அப்போது எல்லா ஸ்க்ரூக்களையும் புதிதாக மாற்றப் போகிறேன். ஒட்டுப்போட்ட அந்த மூலையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டும். போன தடவை பார்த்தபோது விரிசல் துளையைத் தாண்டவில்லை.