நின்றிருந்த பழைய காரில் ஏர்பேக் விளக்கு: பட்டறையில் என்ன கேட்க வேண்டும்

மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற பழைய காரை, விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் எடுத்தால் ஏர்பேக் விளக்கு அணையாமல் நிற்பது அடிக்கடி நடக்கிற விஷயம். "அழிச்சு விட்டுடலாம் சார்" என்று பட்டறையில் சொல்வார்கள். அழித்தும் தருவார்கள். நாலு நாள் கழித்து அதே விளக்கு மறுபடியும் எரியும். வண்டியின் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும் கோளாறுப் பதிவை அழிப்பது பழுது பார்ப்பது ஆகாது. இந்த விளக்கு எரிகிறவரை, மோதலில் ஏர்பேக் விரியும் என்று நம்பி வண்டி ஓட்ட முடியாது. விடுமுறை குறைவு என்பதற்காக இதைத் தள்ளிப்போடவே கூடாது.

முதலில் விளக்கையே கவனியுங்கள். இக்னிஷனைப் போட்டதும் சில விநாடிகள் எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் எந்தக் கோளாறையும் பார்க்கவில்லை என்று அர்த்தம். எரிந்தபடியே இருந்தாலோ, விட்டுவிட்டு மின்னினாலோ கோளாறு பதிவாகியிருக்கிறது. இக்னிஷன் போட்டபோது எரியவே இல்லை என்றால் அதுவும் கவலைப்பட வேண்டிய விஷயம்தான். பல்பு போயிருக்கலாம், விளக்குக்கான ஃப்யூஸ் போயிருக்கலாம், யாரோ பல்பைக் கழற்றியும் வைத்திருக்கலாம். பழைய வண்டி வாங்குகிறவர்களும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடுத்தது பேட்டரி. நின்ற வண்டிகளில் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கும். முழு சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி இறங்கிவிட்டது. அந்த நிலையில் ஸ்டார்ட்டரைச் சுற்றினால் வோல்ட் சட்டென்று சரிந்து, ஏர்பேக் கம்ப்யூட்டர் குறைந்த மின்னழுத்தம் என்று பதிவு செய்துவிடும். பேட்டரியை முழுசாகச் சார்ஜ் செய்த பிறகும் சில வண்டிகளில் அந்தப் பதிவு தானாகப் போகாது. இந்த ஒரு பதிவை மட்டும் அழித்துவிட்டு, திரும்ப வருகிறதா என்று பார்ப்பது நியாயம்.

மற்ற பதிவுகளுக்கு, கம்ப்யூட்டரில் இருப்பதைப் படித்துக் காட்டும் சரியான ஸ்கேனர் வேண்டும். மலிவான ப்ளூடூத் கருவிகளில் பெரும்பாலானவை இன்ஜின் பதிவுகளை மட்டுமே படிக்கும். அதில் "கோளாறு இல்லை" என்று வந்தால் ஏர்பேக்கைப் பற்றி எதுவுமே தெரியவில்லை என்றுதான் அர்த்தம். எஸ்ஆர்எஸ் எனப்படும் ஏர்பேக் கம்ப்யூட்டரோடு பேசக்கூடிய ஸ்கேனர் இருக்கிறதா என்று வண்டியை விடுவதற்கு முன்பே கேளுங்கள். பதிவை அழிக்கும் முன் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஏர்பேக் சுற்று, மின்தடை கூடுதலா குறைவா, இப்போது இருக்கிற கோளாறா பழையதா என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மின்தடை கூடுதல் என்றால் கனெக்டர் தளர்வு, துரு, அறுந்த வயர். குறைவு என்றால் எங்கோ ஷார்ட்.

டிரைவர் ஏர்பேக் என்று வந்தால் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் க்ளாக் ஸ்பிரிங்தான் காரணம். உள்ளே நாடா போலச் சுருண்ட மெல்லிய கேபிள் இருக்கும், ஸ்டியரிங் திரும்பும்போது சுருண்டு விரியும். அதே வழியாகத்தான் ஹாரனும் ஸ்டியரிங் பட்டன்களும் வேலை செய்கின்றன. எனவே ஹாரனும் விட்டுவிட்டு அடித்தால், ஸ்டியரிங் திருப்பும்போது சரசரவென்று சத்தம் கேட்டால், சந்தேகம் உறுதியாகிறது. புதிதைப் போடும்போது முன்சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும், ஸ்பிரிங்கும் நடுநிலையில் இருக்க வேண்டும். நடு தவறினால் முதல் முழுத் திருப்பத்திலேயே கேபிள் அறுந்துவிடும். புதுப் பாகம் போட்டும் விளக்கு வந்தால் முதலில் இதைக் கேளுங்கள்.

பக்கவாட்டு ஏர்பேக், பெல்ட் ப்ரிடென்ஷனர் (மோதலில் சீட் பெல்ட்டை இறுக்கும் பாகம்) என்று வந்தால் முன்சீட்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். மஞ்சள் கனெக்டர்கள் இருக்கும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளித்தள்ளி அவை தளர்ந்திருக்கும். கார்ப்பெட்டில் ஈரம் இறங்கியிருந்தால் பின்களில் பச்சை பூத்திருக்கும். நின்ற வண்டியில் எலி கடித்த வயரும் இருக்கலாம். இழுத்துப் பார்ப்பது, கழற்றி மாட்டுவது எல்லாம் இக்னிஷன் அணைந்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகுதான். கழற்றியதும் காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர், பேட்டரி இல்லாமலே ஏர்பேக்கை வெடிக்க வைக்கப் போதுமான மின்சாரத்தை வைத்திருக்கும். தயாரிப்பாளரைப் பொறுத்து ஒன்றரை நிமிடம், மூன்று நிமிடம் என்பார்கள். பத்து நிமிடம் விட்டால் நிம்மதி.

ஏர்பேக்கின் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து யாராவது அளக்கப் போனால் தயங்காமல் நிறுத்துங்கள். மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் திரியைத் தூண்டிவிடலாம். சரியான முறை, ஏர்பேக்கைக் கழற்றி வைத்துவிட்டு, அதே இடத்தில் ஏறத்தாழ 2 ஓம் ரெசிஸ்டரை மாட்டி மறுபடி ஸ்கேன் செய்வது. பதிவு மறைந்தால் பழுது ஏர்பேக்கில். மறையாவிட்டால் வயரிங்கிலோ கம்ப்யூட்டரிலோ. கழற்றிய ஏர்பேக்கை மேஜையில் வைக்கும்போது கவர் பக்கம் மேலே இருக்கட்டும்.

இந்த ரெசிஸ்டர் சோதனைக்கு மட்டும்தான். அதை அப்படியே உள்ளே விட்டு மூடிவிட்டால் விளக்கு ஒழுங்காக எரிந்து அணையும், ஏர்பேக் மட்டும் இருக்காது. முன்பு மோதி ஏர்பேக் விரிந்த வண்டிகளில் இந்த மோசடி நடக்கிறது. வண்டியில் இருப்பவரின் உயிரோடு விளையாடும் வேலை இது. வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள்.

விளக்கு காட்டிக்கொடுக்காத ஆபத்தும் ஒன்று உண்டு. டகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்கள் (ஏர்பேக்கை வாயுவால் நிரப்பும் பாகங்கள்) பலவற்றில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடங்களில் ஆண்டுக்கணக்கில் கெட்டு, விரியும்போது உலோக உறையையே சிதறடித்தது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. 2017 ஜூனில் அந்த நிறுவனம் திவாலானது. கம்ப்யூட்டருக்கு இதைக் கண்டுபிடிக்கும் வழியே இல்லை. வண்டியின் சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் ரீகால் (திரும்பப் பெறும் அறிவிப்பு) இணையப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ரீகாலில் இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். வேறொரு பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஏர்பேக் போட்டிருந்தால் சேசிஸ் எண் உதவாது, அந்த ஏர்பேக்கின் பாக எண்ணைத்தான் சரிபார்க்க வேண்டும்.