மிரிஸ்ஸா நீலத்திமிங்கலப் படகு: அஞ்சு மார்க்கில் படகுக்கு நாலரை, பேக்கேஜுக்கு ரெண்டு

மதுரையில் விமானம் ஏறினால் கொழும்பு ஒரு மணி நேரம்தான், மாட்டுத்தாவணியில் பஸ் பிடித்து ராமேஸ்வரம் போகிற நேரத்தில் பாதிகூட ஆகாது. அதனால்தான் இப்போது நம்ம ஊர் டிராவல்ஸ்காரர்கள் இலங்கை பேக்கேஜில் கண்டி, நுவரெலியா, கதிர்காமத்தோடு "நீலத்திமிங்கலம் பார்த்தல்" என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர், அவர்கள் பையன் என்று எல்லாரையும் கிளப்பிக்கொண்டு போய்வந்தேன். படகு அருமை. பேக்கேஜ் மோசம். பணம் கட்டும்போது ரெண்டும் ஒரே ரசீதில் வருவதால் பலர் ரெண்டையும் சேர்த்துத் திட்டுகிறார்கள், இல்லையென்றால் சேர்த்துப் புகழ்கிறார்கள். நான் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் டிராவல்ஸ். பெயர் வேண்டாம். நோட்டீஸில் ஒரு திமிங்கலம் முழு உடம்போடு தண்ணீருக்கு மேலே துள்ளுகிற படம் போட்டிருந்தார்கள். நீளமான வெள்ளைத் துடுப்பு, தலையில் முடிச்சு முடிச்சாகப் புடைப்பு. அது ஹம்ப்பேக், அதாவது கூன்முதுகுத் திமிங்கலம். நீலத்திமிங்கலம் அப்படித் துள்ளுவது ரொம்ப அபூர்வம். விற்பது ஒன்று, படம் இன்னொன்று, துணிக்கடையில் செய்தால் சண்டைக்குப் போவோம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த பையன் கடைசி வரைக்கும் "எப்ப மாமா குதிக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அடுத்தது "கண்டிப்பா தெரியும்ணே, தெரியலேன்னா பணம் வாபஸ்ணே" என்ற பேச்சு. திமிங்கலப் படகு கிளம்புகிற இலங்கைத் தென்கரை ஊர் மிரிஸ்ஸா, அதன் துறைமுகத்தில் விசாரித்தால் அப்படி ஒரு வழக்கமே இல்லை. திமிங்கலம் தென்படாவிட்டால் இன்னொரு நாள் இலவசமாகக் கூட்டிப்போவோம் என்பதுதான் அங்கே பல படகுக்காரர்கள் சொல்கிற ஏற்பாடு. நியாயமான ஏற்பாடுதான், ஆனால் மறுநாள் காலை எங்களைக் கண்டிக்கு வண்டியேற்றுகிற பேக்கேஜில் அந்த இன்னொரு நாளுக்கு எங்கே போவது?

இதைவிடப் பெரிய கூத்து, முந்தின இரவு தங்கலைக் கொழும்பில் போட்டிருந்தார்கள். படகு காலை ஆறரை வாக்கில் கிளம்பும். கொழும்பிலிருந்து தெற்கு அதிவேகச் சாலையில் வந்தாலும் ரெண்டு ரெண்டரை மணி நேரம். ஆக, நடுச்சாமம் தாண்டி எழுந்து, தூக்கக் கலக்கத்தில் வேனில் ஏறி, அம்மா முட்டிவலியோடு உட்கார்ந்தே வந்தார். அதுவும் ராத்திரி பத்து மணிக்கு மேல் "டின்னர் இன்க்ளூடட்" என்று எண்ணெய் மிதக்கும் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்த பிறகு. அது கடலில் என்ன செய்தது என்று அக்காவிடம் கேட்டால் சொல்வாள், நான் எழுத வேண்டாம். மிரிஸ்ஸாவிலோ பக்கத்து வெலிகமவிலோ ஒரு ராத்திரி தங்கவைத்திருந்தால் இந்தப் பாடு கிடையாது, அறை வாடகை ஒன்றும் கொழும்பைவிட அதிகமில்லை.

சரி, படகுக்கு வருவோம். இரண்டு தட்டுப் படகு. ஏறியதும் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பெட்டியில் போட்டார்கள், லைஃப் ஜாக்கெட் வாரை ஒவ்வொருவருக்கும் இழுத்துப் பார்த்த பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார்கள். ஊழியர்கள் சிங்களக்காரர்கள், ஆனால் ஒருவர் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினார். "அம்மா, நடுவில் இருங்க, ஆட்டம் குறைவு" என்று கீழ்த்தட்டில் நடுவாக இடம் பிடித்துக் கொடுத்தார். நல்ல யோசனை. மேல்தட்டில் பார்வை பிரமாதம், ஆனால் ஆட்டம் அங்கேதான் அதிகம், வயிற்றைப் பற்றி நிச்சயம் இருந்தால் மட்டும் ஏறுங்கள்.

துறைமுகம் தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே ஸ்பின்னர் டால்பின் கூட்டம், காற்றிலேயே சுழன்று விழுகிற வகை. பையனுக்குக் குதிக்கிறது ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது. நடுவில் பறக்கும் மீன்கள், ஓர் ஆமை. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே இல்லை, வெயிலும் டீசல் வாடையும்தான். இந்த இடைவெளியில் வழிகாட்டிப் பெண் சும்மா இருக்காமல் விளக்கிக்கொண்டே வந்தார், அதுவே தனி டிக்கெட்டுக்குத் தகும். இலங்கையின் தென்முனையான தெவுந்தர முனையை ஒட்டிய கடலில் கண்டத்திட்டு ரொம்பக் குறுகல், கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் கிடுகிடுவென்று ஆழமாகிவிடும். ஆழத்துச் சத்து மேலே கிளம்பி வருவதால் சிற்றுயிர்கள் பெருகும், அதைத் தின்னத்தான் இவ்வளவு பெரிய உயிர் கரைக்கு இத்தனை பக்கத்தில் வருகிறது. மற்ற கடல்களில் நீலத்திமிங்கலம் என்றால் குளிர்ந்த கடலில் தின்று, வெதுவெதுப்பான கடலில் குட்டி போடுவது வழக்கம். இங்கே இருப்பவை அண்டார்டிகா பக்கமே போவதில்லை, வருடம் முழுக்க வெப்பக் கடலிலேயே தின்று பிழைக்கின்றன.

இதை உலகுக்குச் சொன்னவர் ஆஷா டி வோஸ் என்கிற இலங்கை ஆய்வாளர். 2003-இல் ஓர் ஆய்வுக் கப்பலில் போனபோது, திமிங்கலங்கள் கூடியிருந்த இடத்தில் சிவப்பாகச் சாணி மிதப்பதைப் பார்த்து, அட, இங்கேயே தின்கின்றனவே என்று பிடித்துக்கொண்டாராம். பிற்பாடு ஆராய்ந்ததில், மற்ற இடங்களில் நீலத்திமிங்கலங்கள் தின்கிற கிரில் என்ற இறால் மாதிரியான சிற்றுயிரைவிட, இவை ஒரு வகைக் குட்டி இறாலைத்தான் அதிகம் தின்கின்றன என்று தெரிந்தது. கதை கேட்டு ரொம்ப நேரம் ஆகவில்லை, படகுக்கு இடப்பக்கம் செங்கல் தூள் கரைத்த மாதிரி ஒரு திட்டு. எல்லாரும் போனைத் தூக்கினார்கள். திமிங்கலச் சாணியைப் போட்டோ எடுக்கிற கூட்டத்தை அம்மா பார்த்த பார்வை இருக்கிறதே!

அதற்கப்புறம் தூரத்தில் நேர்குத்தாக ஒரு வெள்ளைத் தூண் எழும்பியது. அதுதான் மூச்சு. ஒன்பது மீட்டர் வரைக்கும் எழும்புமாம். இந்த இடத்தில்தான் படகு ஓட்டுகிறவரின் தரம் தெரிகிறது. சுற்றி இருந்த படகுகளில் சில மூச்சைக் கண்டதும் முழு வேகத்தில் அதன் மேலேயே பாய்ந்தன. இலங்கைச் சட்டப்படி திமிங்கலத்திடமிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அந்தப் படகுகளுக்கு அது யாரோ எவருக்கோ போட்ட விதி. விரட்டினால் அது சட்டென்று முங்கிவிடும், அப்புறம் பத்துப் பதினைந்து நிமிடம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எங்கள் ஆள் போகவில்லை. அது போகிற திசையைக் கணித்து, வெகுவாகத் தள்ளி ஒரு பக்கமாகப் போய், வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். படகிலேயே சிலர் "பக்கத்துல போங்க" என்று கத்தினார்கள், மதுரைக் குரல்தான், அக்கா வீட்டுக்காரர். ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காத்திருந்ததற்குப் பலன் வந்தது. இரைச்சல் இல்லாததால் புஸ்ஸென்று மூச்சு விடுகிற சத்தம் முதலில் கேட்டது. தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை பளீரென்ற வெளிர்நீலம், மேலே வந்ததும் சாம்பல், அதில் திட்டுத் திட்டாகத் தேமல். அந்தத் தேமலை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்களாம். முதுகு வந்தது, வந்துகொண்டே இருந்தது. ரொம்பப் பின்னால், இவ்வளவு பெரிய உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குட்டித் துடுப்பு. இந்தக் கடலில் இருப்பவை அண்டார்டிகாக்காரர்களைவிடக் கொஞ்சம் சின்னவை என்றார் அந்தப் பெண். சின்னவை என்றால் ரெண்டு டவுன் பஸ்ஸை முன்னும் பின்னுமாக நிறுத்துகிற நீளம். சில தடவை மூச்சு வாங்கிவிட்டு, முதுகை வளைத்து, வாலை முழுசாகத் தூக்கி, தண்ணீர் வழிய வழிய இறங்கியது. இறங்கிய இடத்தில் அலையே இல்லாமல் கண்ணாடி மாதிரி ஒரு வட்டம். அம்மா, "இம்புட்டுப் பெரிய உடம்பை வச்சுக்கிட்டு ஒரு சத்தமில்லாம போகுது பாரு" என்று சொல்லிவிட்டு இஞ்சி மொரப்பாவை எடுத்து எல்லாருக்கும் பங்கு வைத்தார். பையன் மட்டும் அது குதிக்கவில்லையே என்று புகார் சொன்னான், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நோட்டீஸ் அடித்தவர்.

திரும்புகிற வழியில் தெற்கே பார்த்தால் சரக்குக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. உலகத்திலேயே நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று இந்தத் திமிங்கலங்கள் தின்கிற இடத்தின் வழியாகத்தான் போகிறது, மோதிச் சாவதும் நடக்கிறது. 2022 நடுவில் எம்.எஸ்.சி. என்கிற சரக்குக் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. மற்ற நிறுவனங்களும் அப்படித் தள்ளிப் போனால்தான் முழுப் பலன் என்று வழிகாட்டிப் பெண் சொன்னார். அக்கா வீட்டுக்காரர் இதையெல்லாம் கவனிக்காமல், அம்பர்கிரிஸ், அதாவது திமிங்கல வாந்தி என்று சொல்வார்களே, அது மிதக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நம்ம பக்கம் திமிங்கலம் என்றாலே தூத்துக்குடியில் அம்பர்கிரிஸ் கடத்தினவர் கைது என்கிற செய்திதானே. அது எண்ணெய்த் திமிங்கலத்தின் சமாச்சாரம், இதன் சமாச்சாரம் இல்லை.

படகுக்கு அரை மார்க் ஏன் குறைத்தேன் என்றால், கழிப்பறை. ஒன்றே ஒன்று, கதவு சரியாகச் சாத்தவில்லை, கடல் ஆடும்போது உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. வயதானவர்களுக்குக் கஷ்டம். காலைச் சாப்பாடாகக் கொடுத்த சாண்ட்விச்சும் வாழைப்பழமும் போதும், யாரும் நிறையச் சாப்பிடுகிற நிலையிலும் இல்லை.

போகிறவர்களுக்கு: மிரிஸ்ஸா சீசன் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. பேக்கேஜில் இதைச் சேர்க்காமல் நேரடியாகப் படகுக்காரரிடம் பேசுங்கள், தலைக்கு 50 டாலரை ஒட்டிக் கேட்கிறார்கள், படகுக்குப் படகு மாறும். கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு பக்கத்தில் காட்டுவீர்கள்" இல்லை, "எவ்வளவு தள்ளி நிற்பீர்கள்". வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே போடுங்கள், கடலில் குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. கடல் பார்த்தால் போதும், திமிங்கலம் அவசியமில்லை என்பவர்களுக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் நம் வனத்துறையே காரங்காடு அலையாத்திக் காட்டிலும் பிச்சைமூப்பன் வலசையிலும் படகு விடுகிறது, காலையில் கிளம்பிச் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம்.

அடுத்த தடவை திருகோணமலைதான் என்று அம்மா முடிவே பண்ணிவிட்டார். அங்கே சீசன் நம்ம கோடையில் தொடங்கி ஆகஸ்ட் வரை போகும், ஊரில் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம், கோணேஸ்வரம் கோயில் இருக்கிற சுவாமி மலைப்பாறையில் நின்றே சில நாட்களில் நீலத்திமிங்கலம் மூச்சு விடுவதைப் பார்க்க முடியுமாம். டிராவல்ஸ்காரர் அதற்கும் ஒரு பேக்கேஜ் அனுப்பியிருக்கிறார். படம் அதே ஹம்ப்பேக்.