சேவல் கழுத்துப் பட்டை: வீட்டில் இரண்டு சேவல் இருந்தால் வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சேவல் கூவும் சத்தத்தைக் குறைக்கக் கழுத்தில் கட்டுகிற இந்தப் பட்டை வேலை செய்கிறது. ஆனால் விளம்பரத்தில் போடுகிற மாதிரி சத்தமே வராது என்பதெல்லாம் சும்மா. கூவல் வரும், நம் வாசல் கேட் வரைக்கும் கேட்கும், மூன்றாவது வீட்டுக்குப் போகாது. பினாங்கின் நிபோங் தெபால் மாதிரி இடத்தில், வீடுகள் நெருங்கி நிற்கும் தாமான் குடியிருப்பில் கோழி வளர்ப்பவருக்கு அவ்வளவு குறைந்தாலே பெரிய விஷயம்.

பொருள் என்று பார்த்தால் ஒன்றுமில்லை, ஒரு துண்டு வலைத்துணி, ஒட்டிக்கொள்ள வெல்குரோ, ஆன்லைனில் 20 ரிங்கிட்டுக்குள் கிடைக்கிறது. பேட்டரி, ஷாக் எதுவும் கிடையாது. சேவலுக்குக் குரல் பிறக்கும் இடம் நம்மைப் போலத் தொண்டையில் இல்லை, மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருக்கிறது. கூவும்போது உடம்பில் உள்ள காற்றுப்பைகளிலிருந்து காற்றை ஒரே மூச்சில் தள்ளும், கழுத்து நீண்டு புடைக்கும். அந்தப் புடைப்பைத்தான் பட்டை பிடித்து வைக்கிறது. அதனால் இறுக்க இறுக்கச் சத்தம் குறையும், அதற்கும் மேல் இறுக்கினால் சேவலே போய்விடும்.

சுண்டு விரல் நுழைகிற இடைவெளி கட்டாயம் வேண்டும். கழுத்து இறகுக்கு அடியில், தீனிப்பையில் படாமல் கொஞ்சம் மேலே தள்ளிக் கட்ட வேண்டும். கட்டியதும் சேவல் பின்னோக்கி நடக்கும், தலையை உதறும், கீழே விழுந்தும் எழும். அது பழகிவிடும். ஆனால் கொண்டை ஊதா நிறத்துக்குத் திரும்பினாலோ, வாயைத் திறந்தபடியே மூச்சு வாங்கினாலோ யோசிக்காமல் கழற்றுங்கள். நான் வாங்கிய இடத்திலிருந்து வந்த தாளில் இதில் ஒரு வரிகூட இல்லை, எவ்வளவு அழகான பட்டை என்று மட்டும் இருந்தது! ஒரு நட்சத்திரத்தை அதற்காகவே குறைக்கிறேன்.

சரி, இரண்டு சேவல் கதைக்கு வருவோம். பக்கத்து வீட்டு அண்ணனுக்குப் பிறை ஊரில் ஃபேக்டரி வேலை, நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவர். "தம்பி, ஒன்னு கூவுறது பரவால்லடா, இதுங்க பதிலுக்குப் பதில் பேசுதுங்களே" என்றார். அவர் சொன்னது ரொம்பச் சரி. 2015இல் ஜப்பான் ஆய்வாளர்கள் சேவல்களை ஒன்றாக வைத்துப் பார்த்ததில், விடியலில் முதலில் கூவுவது கூட்டத்தின் தலைவன்தான், மற்றவை அதனதன் வரிசைப்படி பின்னால் கூவுகின்றன என்று தெரிந்தது. அதற்கு முன்பே அவர்கள் கண்டது, சேவல் வெளிச்சத்துக்குக் காத்திருப்பதில்லை, உள்ளே ஓடும் கடிகாரத்தை வைத்து விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஆரம்பிக்கிறது. பினாங்கில் பொழுது விடிய ஏழு மணி தாண்டிவிடும், ஆகக் கச்சேரி அஞ்சு மணிக்கே. கூண்டைப் போர்வை போட்டு மூடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என் இரண்டு சேவலில் பெரியவன் கீரி நிறத்தவன், அவனுக்கு மட்டும் பட்டை போட்டுப் பார்த்தேன். அவன் குரல் இறங்கியதும் சின்னவன் செவலை முழுத் தொண்டையில் எடுத்துக்கொண்டான். இரண்டுக்கும் போட்ட பிறகுதான் அண்ணன் முகத்தில் சிரிப்பு. அதனால் செலவைக் கணக்குப் போடும்போது ஒரு பட்டை விலையைப் பார்க்காதீர்கள்.

சண்டைக்கு இது மருந்து இல்லை, இதை எந்தக் கடையும் சொல்வதில்லை. சொல்லப்போனால் தொந்தரவுதான், வெல்குரோவின் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை எதிராளி அலகால் பிடித்து இழுக்கிறான், அதை வெட்டிவிட வேண்டும். சண்டை சூடு பிடிக்கிற நாளில் பட்டையே வேண்டாம். ஒன்றாகவே பொரித்து ஒன்றாகவே வளர்ந்த சேவல்கள் பெரும்பாலும் யார் பெரியவன் என்று முடிவு செய்துகொண்டு அடங்கிவிடும், வெளியிலிருந்து வளர்ந்த சேவலைக் கொண்டுவந்து விட்டால்தான் ரத்தம் வரைக்கும் போகும். ஒரு சேவலுக்கு எட்டு, பத்துப் பெட்டையாவது இருக்க வேண்டும். பெட்டைகளின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தால் சேவல் கூடிப்போய்விட்டது என்று அர்த்தம், அப்போது ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இல்லை தனிக் கூண்டு போடுங்கள். தீனித் தட்டு இரண்டு வையுங்கள், தோற்றவன் ஒளிய ஒரு மறைப்பும் வேண்டும்.

இன்னொன்று நம்ம ஊர் வெயில். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு விட்டுத்தான் சூட்டைத் தணிக்கும். உச்சிவெயிலில் பட்டையைக் கழற்றிவிடுங்கள், அந்த நேரத்துக் கூவலை அண்ணன் பொறுத்துக்கொள்ளட்டும். கழற்றும்போதே உள்ளே செள் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துத் துவைத்துப் போடலாம். வளர்கிற விடலைச் சேவலுக்குக் கட்டவே கட்டாதீர்கள், கழுத்து பருத்துக்கொண்டே போகும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். வாங்கினால் கறுப்பு நிறம் வாங்குங்கள், சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் வந்து கொத்துகின்றன.